கரண்ட் போன மூன்று நிமிஷம்

போன மாதம் அல்லிநகரத்தில் ஒரு மண்டபத்தில், புதிதாகத் தொழில் தொடங்கிய பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். என்னையும் மேடையில் ஏற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் நான் வேட்டியைச் சரிசெய்து, மைக்கைச் சரிசெய்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடித்திருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இறங்கப் போன நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஐயா, தொழில் கத்துக்க நீங்க என்ன புக்கு படிச்சீக?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுத்தா. கார்ட்டூன் படம் பாத்தேன்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கும், அன்றைக்குச் சிரித்த மற்றவர்களுக்கும், நான் செய்த அதே தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் இளவட்டங்களுக்கும், மேடையில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகள். என் பேச்சை அங்கங்கே நிமிர்த்தி வைத்திருக்கிறாள். போகாத ஊருக்கெல்லாம் நான் போய்விட்டு வருவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதுதான் என் தொழில். ஒரு வேன், ஒரு திரை, ஒரு புரொஜக்டர், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு லேப்டாப். இப்போது நீங்கள் காற்றடித்த கூடாரத்தைக் கொண்டுபோய் மைதானத்தில் நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே படுக்கவைத்து, தலைக்கு மேலே படம் ஓட்டுகிறீர்கள். ஒரு தடவை நானும் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். எழுந்து வர எனக்கு மனசே இல்லை. எங்கள் காலத்தில் வகுப்பறைதான் தியேட்டர். சன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்குவோம். பிள்ளைகள் தரையில். கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம், இந்தப் பக்கம் வைகை அணை வரைக்கும் சாக்குக் கட்டாத சன்னல் குறைவு.

காட்ட உரிமை வாங்கி வைத்திருந்த படங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் பொம்மைப் படம். அதனால் ஒவ்வொன்றையும் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாத்தியார் ஒருவர் ஒரே பாடத்தை முப்பது வருஷம் நடத்துகிறார் அல்லவா, அந்த மாதிரி எனக்கு அந்த மூன்று படமும் பாடம் நடத்தின.

தொழிலை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் பெரியகுளத்தில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். முதல் நாள் நான் திரையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, பிடரியில் ஒன்று வைத்தார்.

"ஏப்பா, தெரயப் பாக்க நூறு பேரு இருக்காக. பிள்ளைகளப் பாக்க நீ ஒருத்தன்தான் இருக்க."

அவர் சொன்ன தொழில் பாடம் மொத்தமும் அவ்வளவுதான். மிச்ச நேரம் எல்லாம் தன் மருமகனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூன்று படத்தில் ஒன்று தவளைப் படம். ஒரு தவளை குளத்தில் குடைக்கடை போடுகிறது. வருகிற மீனிடம் எல்லாம் குடையை விரித்துக் காட்டுகிறது. மழை வந்தால் நனைந்துவிடுவீர்கள் என்கிறது. மீன்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். நானும் ஒரு வருஷம் முழுக்கச் சிரித்தேன். பிறகு வைகை அணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாவதாக வைத்திருந்த ராக்கெட் படத்தைப் போட்டேன். அது முழுக்க இங்கிலீஷ் பேச்சு. இருந்தாலும் அந்த மூன்றில் அதுதான் விலை கூடியது, அதனால் அதுதான் நல்ல படம் என்று எனக்கு நினைப்பு. படம் ஓடுகிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபரேட்டர் சொன்னது ஞாபகம் வந்து பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். திரையின் ஓரத்தில் ஒரு பல்லி ஏறிக்கொண்டிருந்தது. கை தட்டு அதற்கு. ராக்கெட்டின் நெருப்புக்குள் பல்லி புகுந்து மறுபக்கம் வந்தபோது விசில்கூட அடித்தார்கள்.

"ஏலே, சூட்டுல வெந்துராம வந்துருச்சுடா," என்றான் ஒருத்தன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீனுக்குக் குடை விற்றுக்கொண்டிருந்தது நான்தான். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, ஒரு தவளையை வரைந்து, தேனியில் படிக்காத ஒருத்தனுக்கு அவனுடைய குறையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மேல் சிலிர்க்கும். ராக்கெட் படத்தை அதற்குப் பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது படம் நீர்நாய்ப் படம். அதில் பேச்சே கிடையாது. தண்ணீர்ச் சத்தம், காற்று, பறவை, அவ்வளவுதான். நான் சொல்ல வந்த சம்பவமும் அந்தப் படத்தோடுதான். அதற்கு முன்னால் ஒரே ஒரு துளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் படம் ஓடும்போது, லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்குப் போன் வந்தது. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே போனாள். திரையில் நீர்நாய்க் குட்டி தலையைத் திருப்புகிற நேரம், பாதித் திருப்பத்தில் நிற்கிறது. வேலை இல்லாமல் உற்றுப் பார்த்தேன். அதன் மீசை முடி ஒன்றின் நுனியில் ஒரு துளி தண்ணீர். அந்தத் துளிக்குள் கரையில் இருக்கும் மரம் தெரிகிறது. படம் ஓடும்போது அது கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது. அத்தனை தடவை ஓட்டிய நானே பார்த்ததில்லை. அந்தப் பள்ளி டிராயிங் வாத்தியாரிடம் கேட்டேன். "ஒரு நொடிக்கு இருபது படத்துக்கு மேல வேணும்யா, ஒவ்வொண்ணும் தனித்தனியா," என்றார். அப்படியானால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு மனுஷன் அந்தத் துளிக்குள் மரத்தை வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, திரைக்குப் பின்பக்கம் யாருக்கும் தெரியாது என்று விட்டுவைத்திருந்த கிழிசலை எடுத்துத் தைத்தேன். எனக்குக் கோயிலில்கூட அவ்வளவு பயபக்தி வந்ததில்லை.

பிள்ளைகளே, இவ்வளவும் முன்னுரை. மண்டபத்தில் மணி அடித்தது நியாயம்தான்.

நீர்நாய்ப் படத்தில் தாயும் குட்டியும் ஒரு ஆற்றில் இருக்கின்றன. குட்டிக்கு நீந்தப் பயம். தாய் முதுகிலேயே சவாரி. பாதிப் படத்தில் வெள்ளம் வருகிறது. தாய் குட்டியை ஒரு மரக்கட்டையில் ஏற்றிவிடுகிறது. தாயைத் தண்ணீர் கொண்டுபோகிறது. அது கிட்டத்தட்ட மூன்று நிமிஷம். அதற்குப் பிறகு குட்டி கரை ஏறி, ஒரு ஆமையோடு சேர்ந்து, தானாக மீன் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அது எல்லாம் நல்ல சிரிப்பு.

படம் வாங்கிய புதிதில் அந்த மூன்று நிமிஷம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும். டீச்சர்கள் முகம் மாறும். ஒரு நாள் சின்னமனூர்ப் பக்கம், வெள்ளம் வரும்போது நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. புரொஜக்டரும் ஸ்பீக்கரும் நின்றுவிட்டன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தபோது திரையில் குட்டியும் ஆமையும் விளையாடுகின்றன. பிள்ளைகள் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். ஒருத்தரும் அழவில்லை. டீச்சர் வந்து, "நல்ல படம்யா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் புத்தி வேலை செய்தது. மறுநாளிலிருந்து, வெள்ளம் வரும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கை நானே பிடுங்கிவிடுவேன். "கரண்ட் போயிருச்சு, சத்தம் போடாம இருங்க," என்பேன். நம் மாவட்டத்தில் அந்த வார்த்தையைச் சந்தேகப்பட யார் இருக்கிறார்கள். மனசுக்குள் நூற்றைம்பது வரை எண்ணிவிட்டு, பிளக்கைச் சொருகுவேன். "வந்துருச்சு!" என்று பிள்ளைகளே கத்துவார்கள். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டினேன். பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று ஒரு நினைப்பும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் காலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்புகிறவர்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஜீப் மலைப் பாதையில் கவிழ்ந்திருந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். தலைமையாசிரியர் கேட்டிலேயே என்னை நிறுத்தி இதைச் சொன்னார். நல்ல மனுஷன். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத முகம்.

"பெரியவரே, பிள்ளைக மனசு சரியில்ல. சிரிக்கிற மாதிரி இருக்கணும். அழுகுற மாதிரி ஒண்ணும் வரக் கூடாது. வருமா?"

"வராது சார்."

"இன்னைக்கு நல்லபடியா முடிச்சுட்டீகன்னா, இந்தப் பக்கம் இருக்குற எல்லா ஸ்கூல் எச்.எம். கிட்டயும் நானே சொல்றேன்."

அந்த வருஷம் எங்களுக்கு மற்ற இடங்களில் அழைப்பு குறைந்துபோயிருந்தது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் கிடைத்தால்தான் வேன் ஓடும் என்ற நிலைமை. தவளைப் படத்தை அந்தப் பள்ளியில் முந்தின வருஷமே போட்டாயிற்று. ராக்கெட் படத்தை இந்தப் பிள்ளைகளுக்குப் போட முடியாது. மகள் வேனிலேயே கேட்டாள்.

"அப்பா, வேற நாள் வர்றோம்னு சொல்லிருவமா?"

"பிளக்கு என் கையில இருக்கையில நீ ஏன்த்தா பயப்படுற," என்றேன்.

சாக்கைக் கட்டினோம். பக்கத்தில் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கிற வாசனை. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். புழுக்கமாக இருக்கிறது என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து போய், சுவிட்சைத் தட்டி மேலே இருந்த ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அஞ்சாம் வகுப்பு இருக்கும். ரெட்டைச் சடை. படம் ஆரம்பித்தது.

"ஏலே, கீரிடா."

"கீரி தண்ணிக்குள்ள போகுமாலே? கூமுட்டை."

"தேக்கடியில நான் பாத்துருக்கேன். இதுக்கு நீர்நாய்னு பேரு. மீன அப்படியே கடவாயில வச்சுத் திங்கும்."

"நீயும் அப்படித்தான் திங்கிற."

நல்ல சத்தம், நல்ல சிரிப்பு. தலைமையாசிரியர் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். ஆற்றின் மேல் மேகம் கூடியது. நான் குனிந்து பிளக்கில் கை வைத்தேன். குட்டி மரக்கட்டையில் ஏறிய நேரம் பிடுங்கினேன்.

"கரண்ட் போயிருச்சு. சத்தம் போடாம இருங்க."

பிள்ளைகள் வழக்கம்போல "ஊ" என்றார்கள். அப்புறம் அமைதி. அந்த அமைதியில், தலைக்கு மேலே, கட கட கட என்று ஒரு சத்தம்.

"தாத்தா, கரண்ட் போகல. ஃபேன் சுத்துது."

ரெட்டைச் சடைதான். நூறு தலையும் மேலே பார்த்தன.

"ஆமாடா, ஃபேன் சுத்துது."

"தாத்தா பொய் சொல்றாரு டோய்."

எத்தனையோ பள்ளிக்கூடத்தில், எத்தனையோ வருஷம், ஒருத்தரும் மேலே பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. இருந்தாலும் வாய் பழகிப்போனது, அடுத்த பொய்யைச் சொன்னது.

"அது வேற லைனுத்தா. இது வேற லைனு."

"ரெண்டும் ஒரே போர்டுதான். நான்தான் சுவிட்சு போட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கணக்கு வாத்தியாரிடம் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் குட்டியோட அம்மாவுக்கு என்னாச்சு? அத ஏன் காட்ட மாட்டேங்கிறீக?"

நான் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தேன்.

"எனக்கும் காட்டல," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எனக்கு விளக்கம் சொன்னாள். "அவுக அம்மா ஜீப்புல செத்துப்போச்சு தாத்தா. பயந்துரும்னு சொல்லி இவள ஆண்டிபட்டிக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிட்டாக. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சுருச்சு."

பிள்ளைகள் சாவை அப்படித்தான் சொல்வார்கள். இடையில் எதையும் சேர்க்க மாட்டார்கள்.

பிளக் என் கையில் இருக்கிறது. மகள் லேப்டாப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். தலைமையாசிரியர் வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். அவர் கெட்ட எண்ணத்தில் ஆட்டவில்லை. நான் என்ன நினைத்துப் பிளக்கைப் பிடுங்கினேனோ, அதே நினைப்பில்தான் அவரும் ஆட்டினார். அந்தப் பிள்ளையை ஆண்டிபட்டிக்கு அனுப்பியவர்களும் அதே நினைப்பில்தான் அனுப்பியிருப்பார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மூன்று நிமிஷத்தை அவளிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறோம். அவள் அதைத் தேடுகிறாள்.

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். எந்தத் தொழிலிலும் ஒரு "கரண்ட் போயிருச்சு" இருக்கிறது. திராட்சைப் பெட்டி போடுகிறவன் மேல்தட்டில் நல்ல கொத்தாக அடுக்குகிறான். ஜவுளி விற்கிறவன் சாயம் போகும் இடத்தை உள்மடிப்பில் வைக்கிறான். நான் செய்தது அதைவிடக் கௌரவமாகத் தெரிந்தது, ஏனென்றால் பிள்ளைகளின் நல்லதுக்கு என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். வாங்க வந்தவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவரைக் கேட்காமல் நாமே முடிவு செய்கிறோம் பாருங்கள், அதுதான் எனக்குத் தெரிந்து தொழிலில் மிகச் சுலபமான தப்பு. செய்யும்போது மனசு நிறைந்துவிடும்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது. உடனே பிளக்கைச் சொருகிவிடலாமா? அதுவும் என் இஷ்டத்துக்குச் செய்வதுதானே. படத்தைப் போட்டுவிட்டு நான் வேனில் ஏறிப் போய்விடுவேன். அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளையை ராத்திரி தூங்கவைக்கப் போவது யார்?

"உன்னைய யாருத்தா பாத்துக்கிறாக?" என்று கேட்டேன்.

"சித்தி. அங்கன நிக்குது."

பின்னால், சத்துணவுக் கூடத்துக்குப் போகும் வாசலில் ஒரு பெண், கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். முப்பது வயசு இருக்கும். சத்துணவு சமைப்பவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் அவளிடம் போனேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஆத்தா, அந்த எடத்துல தாய் வெள்ளத்துல போயிரும். மூணு நிமிசம். போடச் சொன்னா போடுறேன். வேணாம்னா இப்படியே கட்டிக்கிட்டுக் கெளம்பிர்றேன்."

தலைமையாசிரியர் பக்கத்தில் வந்துவிட்டார். "வேணாம்மா, பிள்ள தாங்காது," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"தெனமும் என்கிட்ட கேக்குது சார். அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சா, என்ன சேலை கட்டிவிட்டீகன்னு. நான் அடுப்ப ஊதப் போயிருவேன். எத்தன நாளைக்கு ஊதுறது."

கரண்டியைச் சன்னல் திட்டில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு இடையில் கால் வைத்து நடந்து போய், ரெட்டைச் சடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"போடுங்கய்யா," என்றாள்.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிளக்கைச் சொருகினேன். மகள் படத்தைப் பின்னால் நகர்த்தி, நான் பிடுங்கிய இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்தப் படத்தை எண்ண முடியாத தடவை ஓட்டியவன் நான். அந்த மூன்று நிமிஷத்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். படம் வாங்கிய புதிதில் பிள்ளைகளின் அழுகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் மூக்கால் கட்டையைத் தள்ளிவிடுகிறது. தண்ணீர் சுழற்றுகிறது. தாயின் தலை ஒரு தடவை மேலே வருகிறது. குட்டியைப் பார்க்கிறது. இன்னொரு தடவை வருகிறது. அப்புறம் வரவில்லை. அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்தான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அங்கே பாட்டைப் போட்டிருப்பார்கள். இதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. குட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறது. மெல்ல மெல்லத் தண்ணீரின் நிறம் மாறுகிறது, கலங்கல் தெளிகிறது, வெயில் விழுகிறது. அந்த வெறும் தண்ணீரையும் யாரோ ஒவ்வொரு படமாக வரைந்திருக்கிறார்கள். மாசக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நூற்றைம்பது வரை எண்ணித் தாண்டிய இடம் அது. வேனிலிருந்து கொண்டுவந்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தலைக்கு மேலே ஃபேன் சத்தம் மட்டும்.

குட்டி முதல் தடவையாகத் தண்ணீருக்குள் கையை வைத்தது. அங்கே அந்தப் பிள்ளை சொன்னாள்.

"தாத்தா, இன்னொருக்கா போடுங்க."

மகள் திருப்பிப் போட்டாள். இந்தத் தடவை சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிள்ளை அழவில்லை. சித்தியின் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வேறு சில பிள்ளைகள் விசும்பினார்கள். தலைமையாசிரியர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தார்.

அவர் பிறகு என்ன செய்தார், மற்றப் பள்ளிக்கூடங்கள் கிடைத்தனவா என்று நீங்கள் இப்போதே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தொழில்காரர்களின் புத்தி எனக்குத் தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன். அவர் யாரிடமும் எங்களைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அந்த வருஷம் நான்கு பள்ளிக்கூடம் கிடைத்தது, அதுவும் நாங்களாக அலைந்து பிடித்தது. வேன் பாதி நாள் நின்றுதான் கிடந்தது. பிறகு எல்லா இடத்திலும் படம் போடுவதற்கு முன்பே, இதில் இப்படி ஒரு இடம் வரும், போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டோம். வேண்டாம் என்று சொன்ன இடங்களில் வேறு படம் போட்டோம். சில இடங்களில் எதுவுமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நேர்மையாக இருந்தால் தொழில் பெருகும் என்று மேடையில் சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு உடனே பெருகவில்லை.

"இன்னொருக்கா," என்றாள் மறுபடியும்.

மூன்றாவது தடவை ஓடியபோது எழுந்துவிட்டாள். மெதுவாக நடந்து திரைக்குக் கிட்டே போய் நின்றாள். அவள் நிழல் ஆற்றுக்கு நடுவில் விழுந்தது. வேறு நேரமாக இருந்தால் பிள்ளைகள் "ஏய், மறைக்குது" என்று கத்தித் தீர்த்திருப்பார்கள். ஒருத்தரும் கத்தவில்லை. தாயின் தலை முதல் தடவை மேலே வந்தது. இரண்டாவது தடவை வந்தது. அவள் கையைத் தூக்கி அந்த இடத்தைத் தொட்டாள். துணி லேசாக அசைந்தது, ஆறும் அசைந்தது. பிறகு வெறும் தண்ணீர் அவள் முகத்தின் மேல், சட்டையின் மேல், ரெட்டைச் சடையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அது தெளிகிற வரைக்கும் நின்றாள்.

திரும்பி வந்து சித்தியின் மடியை ஒட்டி உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"போதும் தாத்தா," என்றாள். "மிச்சத்தப் போடுங்க."